எடைக்குப் போன வாள்

சாத்தாங்காட்டில் இரும்புக்கு ஊரும் இல்லை, வயதும் இல்லை. எடை உண்டு, கனம் உண்டு, இன்றைய தேதிக்குக் கிலோ என்ன விலை என்பது உண்டு. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் இருக்கும் இந்த இரும்பு எஃகுச் சந்தையை ஏற்படுத்தியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஜார்ஜ் டவுன் சந்துகளில் லாரி நுழைய முடியாமல் திணறிக்கொண்டிருந்த மொத்த வியாபாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவதுதான் நோக்கம். இன்று அந்தப் பக்கம் போனால் காயில், ஷீட், ஆங்கிள், சேனல் என்று சுமந்துகொண்டு ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். வண்டி எடை மேடையில் ஏறும், சீட்டு வரும், இறங்கிப் போய்விடும். புது இரும்புக்காவது மில் பெயர், கிரேடு என்று ஏதோ ஒரு ஜாதகம் கையில் இருக்கும். பழைய இரும்புக்கு அதுவும் கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் தெருவுக்குத் தெரு இருக்கும் காயலான் கடைகளில் சைக்கிள் பிரேமும், கதவுக் கீலும், முனை உடைந்த அரிவாளும் ஒரே குவியலில் கிடக்கும்.

பழைய இரும்பைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்பதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 2004 செப்டம்பர் 30 அன்று டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத் உருக்காலையில், இறக்குமதியான கழிவு இரும்புக்குள் இருந்த வெடிகுண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஏலத்தில் விட்ட கருவிக்குள் இருந்த கோபால்ட்-60 ஒருவர் உயிரைக் குடித்தது. அதற்குப் பிறகு துறைமுகங்களில் ‘குண்டு இருக்கிறதா, கதிர்வீச்சு இருக்கிறதா’ என்று பார்க்கிறார்கள். ‘இது எந்தக் காலத்துச் சாமான்’ என்று கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் தமிழ்நாடு ஒரு பெரிய குவியலையே ஒருமுறை தொலைத்தது. அதில் தப்பிய கொஞ்சம் வாள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை வந்து சேர்ந்த பாதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

1855 அக்டோபர் 29 அன்று தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரசு எங்களுடையது என்றது கிழக்கிந்தியக் கம்பெனி. மறு ஆண்டு அக்டோபரில் கமிஷனர் ஃபோர்ப்ஸ் சிப்பாய்களோடு அரண்மனைக்குள் வந்து, இருந்ததையெல்லாம் கைப்பற்றி முத்திரை வைத்தார். அதே 1856 ஜூலையில்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. ஓர் இரும்பு பூட்டி வைக்கப்பட்ட வருஷத்தில் இன்னோர் இரும்பு ஓட ஆரம்பித்தது. மூத்த ராணி காமாட்சி பாயி சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. அரசாங்கம் அரசாங்கமாக நடந்துகொண்ட விஷயத்தில் கோர்ட்டு தலையிட முடியாது என்று 1859இல் தீர்ப்பானது. ஆனாலும் 1862இல் அரசாங்கமே இறங்கிவந்து மன்னரின் தனிச் சொத்துகளை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது.

ஆயுதங்கள் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. 1857 கிளர்ச்சியைப் பார்த்துவிட்ட அரசாங்கம், ஓர் அரண்மனை நிறைய வாளையும் ஈட்டியையும் எந்த ராணியிடமும் விட்டுவைக்காது. தஞ்சை அரண்மனையில் எட்டு நிலையாகச் சுமார் 190 அடி உயரத்தில் நிற்கும் கூடகோபுரத்தை இன்றைக்கும் பார்க்கலாம். 1855 வரைக்கும் அது காவல் கோபுரமாகவும் ஆயுதக் கிடங்காகவும் இருந்தது என்பார்கள். 1860களின் தொடக்கத்தில் அந்த ஆயுதசாலை கலைக்கப்பட்டது. விசித்திரமாகவும் அழகாகவும் பட்டவை பொறுக்கி எடுக்கப்பட்டு மெட்ராஸ் மத்திய அருங்காட்சியகத்துக்கு வந்தன. மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். இது நமக்குத் தெரிவது மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எம். ஜே. வால்ஹவுஸ் என்ற அதிகாரியால். பழம்பொருள் பித்துப் பிடித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு 1878இல் ‘இந்தியன் ஆண்டிக்வரி’ இதழில் இதை எழுதிவைத்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால், உடைபட்டது இவ்வளவு என்ற நினைப்புகூட நமக்கு மிஞ்சியிருக்காது.

அப்படி உடைபட்ட ஒரு வாள் எப்படிப் பிறந்திருக்கும்? இரண்டு வழி உண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து வருபவை.

முதல் வழி உள்ளூர் எஃகு. சேலத்துக் கஞ்சமலையின் காந்தக் கல்லை உலையில் போட்டு இரும்பாக்கி, அந்த இரும்பைத் துண்டு போட்டு மண் மூசைக்குள் வைப்பார்கள். கூடவே ஆவாரங்கட்டையில் கொஞ்சம். மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபது, இருபத்துநாலு மூசைகளை ஓர் உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். இதை இவ்வளவு விவரமாக எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி வேலையை விட்டுப் பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கியவர். ஆலை அவருக்குக் கைகொடுக்கவில்லை, ஆனால் பார்த்ததை எழுதிவைத்ததில் நமக்கு லாபம். கட்டையும் இலையும் கரியாகி அந்தக் கரி இரும்புக்குள் இறங்கும். மூசையை உடைத்தால் கையளவு எஃகுக் கட்டி. கரி ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் இருக்கும், இன்றைய கட்டடக் கம்பியில் இருப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு. அதை அதிகமாகக் காய்ச்சாமல் பொறுமையாகத் தட்டித் தட்டி நீட்டினால், அலகின் மேல் நீரோட்டம் மாதிரி வரிகள் தெரியும்.

இந்தத் தொழில் எப்போது தொடங்கியது என்று கேட்டால் பேச்சு நீளும். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மூசைகளும் உலைகளும் கிடைத்தன. தென்னாற்காட்டு மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகளைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து, உள்ளே இருந்தது உயர்கரி எஃகுதான் என்று காட்டினார். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, சிவகளைக்குக் கிறித்து பிறப்பதற்கு முன் 3345 வரை காலம் போட்டிருக்கிறது. அந்தத் தேதி மேல் சர்ச்சை நடக்கட்டும். நம் வாளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1795இல் ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் இந்திய மூசை எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். கால் நூற்றாண்டு கழித்து, பின்னாளில் மின்சாரத்தால் பேர் வாங்கிய மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் இதே எஃகின் ரகசியத்தைத் தேடி உலை மூட்டினார்கள். அரபு நாட்டுக்கும் பாரசீகத்துக்கும் கப்பலேறிய தென்னாட்டு எஃகுதான் அங்கே டமாஸ்கஸ் வாள் என்று பேர் பெற்றது.

இரண்டாம் வழி இதற்கு நேர் எதிர். தஞ்சை ஆயுதசாலையில் வால்ஹவுஸ் கண்டவற்றில் கணிசமானவை ஐரோப்பிய அலகுகள். பரங்கிகளோடு வந்ததால் அவற்றுக்குப் பரங்கி வாள் என்றே பேர். நாகப்பட்டினத்தில் 1658 வரைக்கும் போர்ச்சுக்கீசியர், பிறகு டச்சுக்காரர். தரங்கம்பாடியில் 1620இல் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர். தஞ்சாவூர்க் கரை முழுக்க ஐரோப்பியக் கப்பல்கள். ஜெர்மனியின் சோலிங்கன் போன்ற ஊர்களில் அடித்த, நீண்டு வளைந்து கொடுத்து மறுபடி நிமிரும் அலகுகள் அந்தக் கப்பல்களில் வந்தன. நம் எஃகு மேற்கே போய்ப் புகழ் பெற, மேற்கத்திய எஃகு நம் அரண்மனையில் அந்தஸ்துப் பொருளாக இருந்திருக்கிறது. நாம் மட்டும்தான் வெளிநாட்டுச் சாமானுக்கு மயங்குகிறோம் என்று பர்மா பஜாரைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

அலகு எங்கே பிறந்ததானாலும் அதைத் தஞ்சாவூர் வாளாக்கியது கைப்பிடி. இங்கேதான் நம் கொல்லர்கள் விளையாடியிருக்கிறார்கள். அலகின் அடிப்பகுதியை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் இரும்புத் தகடுகளைப் பூவேலையாகக் குடைந்து, ஆணியடித்துச் சேர்த்தார்கள். விரல்களை மூடும் காப்பு இலைபோல் அகன்று வளையும். அதன் நுனியில் ஒரு யாளித் தலை, கிளி மூக்கு, இல்லாவிட்டால் மகர வாய். குமிழுக்கு மேலே ஒரு முள் நீண்டிருக்கும். இரண்டு கையாலும் ஓங்க வேண்டி வந்தால் இடக்கை அதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கை படும் இடத்தில் துணி வைத்துத் தைத்த மெத்தை. பொன்னோ வெள்ளியோ பூச வேண்டுமானால் இரும்பின் மேல் நுண்ணிய கீறல் வலை போட்டு, அதன் மேல் மெல்லிய தகட்டை வைத்துத் தட்டி ஒட்டவைப்பார்கள். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரை வீரர் தூண்களைக் கூர்ந்து பார்த்தால், கல்லில் இதே மாதிரி வாளும் கட்டாரியும் கையில் இருக்கும். இது பின்னால் உதவும் ஒரு தகவல்.

மறுபடி அந்தக் குவியலுக்கு வருவோம். பொறுக்கியவர் கண்ணுக்கு எது தட்டுப்பட்டதோ அதுதான் தப்பியது. யாளி வைத்தது தப்பியது. குடைவேலைத் தகடு தப்பியது. பரங்கி முத்திரை குத்திய அலகு தப்பியது. காவலுக்கு நின்ற சிப்பாயின் வாள், ஓர் அலங்காரமும் இல்லாமல் தேய்ந்த கைப்பிடியோடு இருந்தது, எடைக்குப் போனது. எண்ணிக்கையில் அப்படிப்பட்டவைதானே அதிகம் இருந்திருக்க வேண்டும்? இன்றைக்குத் தஞ்சாவூர் வாள் என்றால் நம் மனத்தில் வரும் பூவேலை வாள், உண்மையில் தஞ்சாவூர்ப் படை ஏந்திய வாள் இல்லை. 1860களில் ஓர் அதிகாரிக்கு அதிசயமாகப் பட்ட வாள். ஒரு நாட்டுப் படையை அதன் ஊர்வல உடுப்பை மட்டும் வைத்து மதிப்பிடுவது போலத்தான் இது. என்னைக் கேட்டால், ஓர் அலங்காரமும் இல்லாத ஒரு சாதாரண தஞ்சாவூர் வாள் எங்காவது ஒரு பரணில் அகப்படுமானால், அதற்குத்தான் அதிக விலை வைக்க வேண்டும். சந்தை அப்படி வைக்காது.

தப்பியவை வந்து சேர்ந்த அருங்காட்சியகத்துக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுதான். 1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கி, 1854இல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறியிருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் பிற்பாடு ஆதிச்சநல்லூர் இரும்பும் வந்து சேர்ந்தது. 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ தோண்டியெடுத்த வாள்களும் ஈட்டிகளும் அவை. ஆக ஒரே வளாகத்தில் இரண்டு வம்சத்து இரும்பு. ஒன்று தாழியோடு மண்ணுக்குள் கிடந்து துருவேறியது, இன்னொன்று அரண்மனையிலிருந்து நேராக வந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தஞ்சை ஆயுதசாலைப் பொருள்கள் மேலும் சில கைமாறி உலகம் சுற்றின. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்க உலோகப் பொறியாளர் சேர்த்துவைத்து, 1935இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துப்போன திரளில் தஞ்சாவூர்க் கட்டாரிகள் இருக்கின்றன. எழும்பூரில் இருப்பதை ஆராய்ந்து ராபர்ட் எல்குட் 2004இல் பெரிய புத்தகமே போட்டார். நம்மூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அரை நிமிஷம் நின்றுவிட்டு அடுத்த அறையில் இருக்கும் திமிங்கில எலும்புக்கு ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சீட்டில் ‘வாள், தஞ்சாவூர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் யார்தான் நிற்பார்?

தப்பித்த வாளுக்கு அடுத்த எதிரி கடல். சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் வருஷம் முழுக்க. மழைக்காலத்தில் ஈரப்பதம் எண்பதைத் தாண்டும். உப்பில் உள்ள குளோரைடு இரும்புக்குள் நுழைந்துவிட்டால், மேலே எவ்வளவு எண்ணெய் தடவினாலும் உள்ளே அரிப்பு நிற்காது. நன்றாக இருந்ததுபோல் தெரிந்த அலகில் ஒருநாள் ஆரஞ்சு நிறத்தில் வியர்வைத் துளி மாதிரி முத்துமுத்தாகத் துரு கிளம்பும். அப்படிக் கிளம்பினால் அது உயிரோடு இருக்கும் துரு என்று அர்த்தம். கறுப்பாக, கெட்டியாக, தொட்டால் கையில் ஒட்டாமல் இருப்பது பழைய துரு. அது அலகுக்குப் போர்வை, அதைத் தொடக் கூடாது. பழைய வாளைச் சீர்செய்ய நினைக்கிறவர் முதலில் கற்க வேண்டியது இந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்ப்பதைத்தான்.

பெரும்பாலோர் அதைக் கற்பதற்கு முன்னால் ஹார்டுவேர் கடைக்குப் போய்விடுகிறார்கள். உப்புத்தாள், ஒயர் பிரஷ், கிரைண்டர், பஃபிங் சக்கரம். அரை மணி நேரத்தில் பாத்திரக் கடை ஸ்டீல் மாதிரி பளபளவென்று ஆகிவிடும். கூடவே மூசை எஃகின் நீர்வரி போயிருக்கும், சோலிங்கன் முத்திரை தேய்ந்திருக்கும், கைப்பிடியின் பொற்பூச்சு கந்தலோடு குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். ஆசிட்டில் முக்குகிறவர்களும் உண்டு. புது ஷீட்டுக்கு முலாம் பூசுவதற்கு முன்னால் ஆலையில் அமிலத்தில் முக்குவார்கள், அது அங்கே சரி. பழைய வாளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கினால், எந்த குளோரைடை வெளியே எடுக்க வேண்டுமோ அதையே உள்ளே ஊற்றியதாக ஆகும். 1860களில் உடைத்தவன் ஒரு வாளை இரண்டாக்கினான். பஃபிங் செய்கிறவன் முழு வாளையும் அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல் எழுதியிருந்ததை மட்டும் அழித்துவிடுகிறான்.

சரியான முறை மெதுவானது, பார்க்கச் சுவாரசியமே இல்லாதது. முதலில் இருக்கிறபடியே எல்லாப் பக்கமும் படம். பிறகு எடை. ஆம், இங்கேயும் எடைதான், ஆனால் கிராமில். வேலை முடிந்தபின் மறுபடி நிறுத்தால், எடுத்தது எவ்வளவு என்று தெரியும். குறைந்த கிராம் கூடக்கூடச் சீர்செய்தவரின் மரியாதை குறையும்.

அடுத்தது கைப்பிடி ஆட்டம். நம் வாள்களில் அலகின் வால் கைப்பிடிக்குள் கொஞ்ச தூரம்தான் போகும். உள்ளே குழியில் அரக்கும் செங்கல்பொடியும் கலந்து ஊற்றி, சூட்டோடு சொருகிவிடுவார்கள். நூறு இருநூறு வருஷத்தில் அரக்கு உலர்ந்து பொடியும், கைப்பிடி லொடலொடவென்று ஆடும். பட்டறையில் கொடுத்தால் கேஸ் டார்ச்சை அடித்துக் கழற்றிவிடுவார்கள். டார்ச் பட்ட இடத்தில் அலகு நீலம் பாயும், அந்த இடத்தில் கொல்லர் வைத்த பதம் போச்சு. அரக்கு இளகக் கொதிக்கும் தண்ணீருக்குக் குறைந்த சூடே போதும். வெந்நீர்ச் சூட்டுக்கு மேல் போகாத காற்றைக் கைப்பிடி மேல் மட்டும் பொறுமையாகக் காட்டினால் தானாகக் கழன்று வரும். மறுபடி பொருத்தும்போது எபாக்சி பசை ஊற்றலாம் என்று தோன்றும். ஊற்றக் கூடாது. பழைய அரக்கும் செங்கல்பொடியுமே போதும், ஏனென்றால் இன்னும் ஐம்பது வருஷத்தில் யாராவது மறுபடி கழற்ற வேண்டி வரும். அரக்கு அவருக்கு வழிவிடும், எபாக்சி விடாது.

அலகில் உயிருள்ள துருவை மட்டும் உருப்பெருக்கிக்கு அடியில் சிறு கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். நீளமான வாளில் இது வாரக் கணக்கில் போகும். மண்ணுக்குள் கிடந்ததாக இருந்தால் உப்பை வெளியே இழுக்கக் காரக் கரைசலில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றிச் சோதிப்பார்கள். மின்னோட்டம் வைத்து உப்பை இழுப்பதும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கி, எஸ். பரமசிவன் செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்னோட்டத்தால் போக்கிக் காட்டினார். கழுவுவதற்கு வடித்த நீர்தான். வடசென்னை போர் தண்ணீரில் கழுவுவது பேச்சுக்கே இடமில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடிக்குள் கடல் எவ்வளவு தூரம் ஏறிவந்துவிட்டது என்று அந்த வட்டாரத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

துருவை எடுத்த இடத்துக்கு டானிக் அமிலம் பூசுவது உலகம் முழுக்க வழக்கம். இரும்போடு சேர்ந்து கருநீலப் படலமாகி, புதுத் துருவைத் தடுக்கும். டானின் நிறைந்த சரக்கு நம் வீட்டிலேயே உண்டு, கடுக்காய். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்கள். அதே அன்னபேதிக்கு வாளிலும் வேலை உண்டு. மூசை எஃகின் நீர்வரியைக் கண்ணுக்குக் கொண்டுவர, பழைய பட்டறைகளில் அந்த இரும்பு உப்பைக் கரைத்துத்தான் அலகின் மேல் பூசினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் அன்னபேதி வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒவ்வொரு தடவை பூசும்போதும் அலகில் ஒரு தோல் உரியும். வரி மங்கலாகத் தெரிந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறவர்தான் கைதேர்ந்தவர். கடைசியில் மெல்லிய மெழுகுப் பூச்சு. எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்துப் பிடிக்கும்.

விட்டுப்போன பாகங்களை என்ன செய்வது? இதில் சண்டை உண்டு. தளர்ந்த ஆணியைப் புதிதாக அடிக்கலாம், அரக்கு ஊற்றலாம், மட்கிய மெத்தைக்குப் பதில் பருத்தித் துணி தைக்கலாம், புதிது எது என்று எழுதிவைத்துவிட்டால் போதும். உடைந்துபோன யாளித் தலையை மட்டும் கற்பனையில் செய்து ஒட்டக் கூடாது என்பது என் கட்சி. காப்பின் வளைவு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தே ஆக வேண்டுமானால் ஏலக் கம்பெனிப் படங்களைப் பார்க்காமல் ஸ்ரீரங்கத்துத் தூண்களைப் போய்ப் பாருங்கள். கல்லில் இருப்பதை யாரும் விலைக்காகத் திருத்தவில்லை. உறையையும் வாளையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்பதை வாங்குகிறவர்கள் நம்பவே மாட்டார்கள். உறைக்குள் இருக்கும் மரமும் தோலும் ஈரத்தை உறிஞ்சி மெல்லிய அமிலத்தைக் கசியவிடும். வாளை உறைக்குள்ளேயே பூட்டிவைத்துப் பாதுகாத்த குடும்பங்களில்தான் அலகு அதிகம் அரித்திருக்கும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு வரி. 1878 ஒரு வேடிக்கையான வருஷம். வால்ஹவுஸ் கட்டுரை வந்த அதே வருஷம் லிட்டன் பிரபு இந்தியர் கையில் உரிமம் இல்லாமல் ஆயுதம் இருக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். அதே வருஷம்தான் மண்ணிலிருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்ற புதையல் சட்டமும். கையில் இருந்த வாளைப் பிடுங்கிக்கொண்டு, மண்ணில் கிடந்த வாளைக் காப்பாற்றியது சர்க்கார். புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதோடு 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த வாள் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பவே முடியாது, விற்கிற வியாபாரிக்கு உரிமம் வேண்டும். கன்டெய்னரில் கழிவு இரும்பு என்று எழுதி ஏற்றினாலும் குற்றம் குற்றம்தான். கூர் தீட்டிவைத்தால் ஆயுதச் சட்டத்துப் பேச்சு வேறு வரும். சாணை பிடிக்காதீர்கள் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்வதோடு போலீசும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

பரம்பரையாக வாள் வைத்திருக்கும் வீடுகளில் அதை வெளியே எடுப்பது பெரும்பாலும் ஆயுத பூஜைக்குத்தான். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாரோ அதை எடுத்துப் பார்க்கிறார்களே என்பதே பெரிது. ஆனால் ஈரச் சந்தனத்தை அலகின் மேல் வைக்காதீர்கள், குங்குமத்தையும் வேண்டாம். முனையில் எலுமிச்சம்பழம் குத்துவதை அறவே விடுங்கள், புளிப்புச் சாறு ஒரே ராத்திரியில் வேலையைக் காட்டிவிடும். பொட்டை உறையின் துணி மேல் வைக்கலாம், பூவையும் அதற்கே சூட்டலாம். வெறுங்கையால் அலகைத் தொட்டிருந்தால் வியர்வை உப்பு ஒட்டியிருக்கும், அன்று இரவே காய்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு மெழுகை ஒருமுறை தேய்த்து, உறைக்குப் பக்கத்தில் தனியாகப் படுக்கவையுங்கள்.